கரட்டுப்பட்டி விலக்கு

ஜோஸ்பின் என்ன வேலை பார்க்கிறாள் என்று முத்தழகுபட்டியில் யாராவது கேட்டால், அவள் அம்மா செபஸ்தியம்மாள் யோசிக்காமல் பதில் சொல்வாள்.

"கம்ப்யூட்டர் கம்பெனியில கேள்வி கேக்குற வேலை."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அதைவிடச் சரியாக வேறு யாரும் சொல்லிவிட முடியாது. கடைக்காரரோ ஆஸ்பத்திரிக்காரரோ தங்களுக்கு ஒரு சாஃப்ட்வேர் செய்து கொடுங்கள் என்று அவளுடைய கோயம்புத்தூர் கம்பெனிக்கு வந்தால், அதை எழுதுகிற பையன்கள் உட்காருவதற்கு முன்னால் ஜோஸ்பின் அந்த இடத்துக்குப் போவாள். உங்களுக்கு என்ன வேண்டும், எதற்கு வேண்டும், இப்போது எப்படி நடக்கிறது, எங்கே இடறுகிறது என்று கேட்பாள். கேட்டதோடு விடாமல் கூடவே நின்று பார்ப்பாள். பிறகு இன்னின்னது இப்படியிப்படி இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பாள். அவள் எழுதியதன் மேல்தான் மற்றவர்கள் கட்டுவார்கள். அவளுடைய கார்டில் பிசினஸ் அனலிஸ்ட் என்று போட்டிருக்கும்.

'எதுக்கு' என்பது அவளுடைய பிறவிக் குணம். சின்ன வயதில் கோயிலில் புதுநன்மைக்குப் படிக்கும்போதே, பாடம் சொல்லித்தந்த உபதேசியாரை எதுக்கு எதுக்கு என்று குடைந்தெடுத்து, வெளியே வெயிலில் முழங்கால் போட்டவள். கொரோனா சமயத்தில் கோயம்புத்தூரிலிருந்து வீட்டுக்கு வந்தவள் அப்படியே மாடி அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தங்கிவிட்டாள். முப்பத்தைந்தைத் தாண்டிய மகளுக்கு வரன் பேச வந்த சொந்தக்காரர்களிடமும் அவள் அதே கேள்வியைக் கேட்டதால் அந்தப் பேச்சும் அடங்கிப் போயிற்று.

தம்பி பிராங்கிளின் அக்காவுக்கு நேர்மாறு. யார் என்ன சொன்னாலும் முதலில் தலையாட்டிவிடுவான். வடமதுரை தாண்டி நாலு வழிச் சாலையின் ஓரத்தில் இருக்கிற ஒரு நூல் மில்லில் வேன்களுக்கு அவன் பொறுப்பு. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிவந்து, ஷிப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுகிற வேன்கள். வருகிற டிரைவரை மேய்ப்பதும், வராத டிரைவருக்குப் பதிலாகத் தானே ஓட்டுவதும் அவன் வேலை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவன் மனைவி நிறைமாதமாய் வத்தலக்குண்டில் தாய்வீட்டில் இருந்தாள். மகனுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும் என்று செபஸ்தியம்மாள் செபஸ்தியாருக்குக் கிடா நேர்ந்து விட்டிருந்தாள். அது கொல்லையில் நின்றுகொண்டு, ஆடிக் காற்று கொண்டுவந்து போடுகிற முருங்கை இலையைத் தின்று கொழுத்துக்கொண்டிருந்தது. திருவிழாவுக்கு அதிக நாள் இல்லை.

அந்த ஆடியில்தான் மில்லின் வேலை ஜோஸ்பின் கம்பெனிக்கு வந்தது.

"நம்ம மில்லாக்கா! உன் கம்பெனிக்கா குடுத்திருக்காக?" என்று பிராங்கிளின் குதித்தான். "மணிமாறன் சார்கிட்ட நீ என் அக்கான்னு சொல்லிட்டேன். தங்கமான மனுசன். அவரு சொல்றத அப்படியே எழுதிக்க. சோலி முடிஞ்சுச்சு."

மணிமாறன் மில்லின் ஜெனரல் மேனேஜர். முதலாளி எப்போதாவது வருகிறவர். மற்றபடி அங்கே எல்லாம் மணிமாறன்தான். அவருடைய அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின்களின் இரைச்சல் மழை மாதிரிக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஜோஸ்பினுக்கு டீ வரவழைத்தார்.

"ரொம்ப சிம்பிள் மேடம். ஷிப்ட் மணி அடிக்கறப்ப பாதி மெஷினுக்கு முன்னால ஆள் இல்ல. காரணம் வேன். ஒவ்வொரு வேனும் ஊர் ஊரா உள்ள பூந்து சுத்திட்டு வருது. இனிமே ஒரு வேனும் ஊருக்குள்ள போகக் கூடாது. எல்லாரும் ஊருக்குப் பிரியற மெயின் ரோட்டு விலக்குல வந்து நிக்கட்டும். வந்து நின்னா அவங்க போன்லயே ஆப் அதக் காட்டணும். வேன் கிளம்புன பொறவு வந்தா ஆப்சென்ட். அதுவே போட்டுக்கணும். யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்ல. இதத்தான் நீங்க எழுதணும்."

ஜோஸ்பின் எழுதவில்லை. "வேன்தான் காரணம்னு யாரு சார் பாத்தாங்க?"

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? ஆள் லேட். ஆளக் கொண்டுவர்றது வேன்."

"ஒரு வாரம் நான் வேன்ல வந்து பாக்குறேன் சார்."

அவர் சிரித்தார். "உங்களுக்கு எதுக்குங்க அந்தக் கஷ்டம்? விடியறதுக்கு முந்தி எந்திரிக்கணும். நான்தான் என்ன வேணும்னு சொல்லிட்டேனே."

"நீங்க மருந்தச் சொல்லியிருக்கீங்க சார். நோவு என்னன்னு நான் பாத்துட்டு எழுதுறேன்."

மணிமாறனுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "பாருங்க, பாருங்க," என்றார்.

*

மறுநாள் விடிகாலை இருட்டில் பிராங்கிளினே வேனை எடுத்தான். கரட்டுப்பட்டிக்கு ஓட்டுகிறவன் வேலையை விட்டு நின்றுவிட்டிருந்தான். ஜோஸ்பின் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். ஜன்னலை எவ்வளவு இழுத்து மூடினாலும் காற்று புழுதியோடு உள்ளே வந்தது.

கரட்டுப்பட்டி விலக்கில் நாலு வழிச் சாலையை விட்டு இறங்கியதும் வெளிச்சம் சட்டென்று அறுந்துபோனது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேல். பிறகு கைவிட்ட கல்குவாரி. பிறகு மொட்டைப் பாறைக் குன்றாய் ஒரு கரடு. அதைச் சுற்றிக்கொண்டு போனால்தான் ஊர். நாடக மேடைக்கு முன்னால் இருந்த ஒற்றை விளக்கின் கீழே பெண்கள் தூக்குவாளிகளோடு நின்றிருந்தார்கள். வேன் நின்றதும் மளமளவென்று ஏறினார்கள். ஒருத்தி தலையைப் பின்னிக்கொண்டே ஏறினாள்.

ஜோஸ்பின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் மூக்காயி. மில்லில் கழிவுப் பஞ்சு கூட்டுகிறவள். நரைத்த தலையிலும் முந்தாநாள் வைத்த கனகாம்பரம் வாடாமல் இருந்தது.

"நீங்க சென்சஸ் எடுக்க வந்தவுகளா தாயி?"

"இல்லக்கா. பிராங்கிளின் அக்கா நான். இந்த வேன் விசயமா உங்ககிட்ட கேட்டுப் போகலாம்னு."

"டிரைவர் தம்பி அக்காவா! ஏலே தம்பி, சொல்லவே இல்ல." மூக்காயி நகர்ந்து இடம் விட்டாள். "கேளு தாயி. எங்கள யாரு கேக்குறா? தூக்குவாளியில என்ன வெஞ்சனம்னு நாங்களே எங்களுக்குள்ள கேட்டுக்கிட்டாத்தான் உண்டு."

"என்ன வெஞ்சனம்?"

"கருவாடும் கத்திரிக்காயும். திறந்தேன்னா இந்த வண்டி மில்லுக்குப் போகாது, என் பின்னாடி வந்துரும்."

வேன் முழுக்கச் சிரித்தது. முன் சீட்டில் இருந்து ஒரு பெண் திரும்பி உட்கார்ந்தாள். பெயர் கௌசல்யா. இருபது வயது இருக்கும். அறுந்த இழையை ஒட்டிவிடுகிற வேலை. அவள் விரல் நுனிகள் தேய்ந்து வழவழவென்றிருந்தன.

"ஊருக்குள்ள வேன் விடுறதுக்கு முன்னாடியெல்லாம் எப்படிம்மா போவீங்க?" என்று ஜோஸ்பின் கேட்டாள்.

"விலக்கு வரைக்கும் நடைதான்க்கா. கூட்டமாத்தான் போவோம். ஆனா ஒரு நாள் போல ஒரு நாள் இருக்குமா? ஒருத்திக்கு மேலுக்கு முடியாது, ஒருத்திக்குப் பிள்ளை அழுகும். பிந்துனவ தனியாத்தான் ஓடி வரணும். எங்க சித்தி மக அப்படித்தான் ஓடி வந்தா. குவாரிகிட்ட எவனோ பைக்குல லைட்ட அமத்திப்புட்டு அவ பின்னாடியே வந்திருக்கான். முள்ளுக்குள்ள விழுந்து எந்திரிச்சு ஓடியிருக்கா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வந்தவன் எவன்னு யாரும் தேடல. அவ வேலையத்தான் நிப்பாட்டுனாக. அடுத்த தையில கட்டிக் குடுத்துட்டாக."



"வண்டி வாசலுக்கு வருது, வாசல்ல கொண்டாந்து விடுதுன்னுதான் எங்கப்பா என்னய வேலைக்கு விட்டாரு," என்றாள் கௌசல்யா. "இல்லன்னா எனக்கும் ஒரு தை மாசம் பாத்து வச்சிருப்பாக."

ஜோஸ்பின் எழுதிக்கொண்டாள். இந்த வேலைக்காக அவள் எழுதிய முதல் வரி அதுதான்.

மில் கேட்டுக்கு வேன் போய்ச் சேர்ந்தபோது கிழக்கே வெளுக்கவே இல்லை. மற்ற வேன்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையாக நின்றன. ஷிப்டுக்கு நேரம் இருந்தது. யாரும் உள்ளே போகவில்லை. போக முடியவில்லை. கேட்டின் ஓரத்தில் ஒரே ஒரு ஜன்னல். ஒரே ஒரு பெண் காவலாளி. ஒவ்வொருத்தியாக வந்து போனை அணைத்து, பையில் போட்டு, டோக்கன் வாங்க வேண்டும். தூக்குவாளியைத் திறந்து காட்ட வேண்டும். பிறகு கையைத் தூக்கிக்கொண்டு சோதனைக்கு நிற்க வேண்டும். ஜோஸ்பினும் வரிசையில் நின்றாள். காற்று சேலைகளைப் பிடுங்கியது. தூசி கண்ணில் விழுந்தது. அவள் நின்றுகொண்டிருக்கும்போதே உள்ளே ஷிப்ட் மணி அடித்தது. அவளுக்குப் பின்னால் வரிசை அப்படியே இருந்தது.

அந்த வாரம் முழுக்க வேறு வேறு வேன்களில் ஏறி வந்தாள். வேறு வேறு ஊர்கள், வேறு வேறு வெஞ்சனம். கேட் மட்டும் மாறவில்லை. ஒரு நாளும் வேன் பிந்தி வரவில்லை. ஒரு நாளும் பெண்கள் மணிக்கு முன்னால் உள்ளே போகவில்லை.

*

சாயங்காலம் கோயில் மணி அடித்து, செபமாலை முடிந்து, மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தட்டாம்பயறுக் குழம்பு. ஜோஸ்பின் பார்த்ததைச் சொன்னாள். பிராங்கிளின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"எனக்குத் தெரியாதாக்கா? வேன் லேட்டு, வேன் லேட்டுன்னு தினம் திட்டு வாங்குறவன் நான்தான?"

"தெரிஞ்சா ஏன்டா சொல்லல?"

"யாருகிட்டச் சொல்ல? அந்த கேட் ரூல் அவரு போட்டது. மழைக்கு மில்லு ஒழுகுனத எவளோ வீடியோ எடுத்து வாட்ஸப்புல விட்டுட்டா. அன்னையிலிருந்து போனுன்னாலே அவருக்கு ஆகாது. அது தப்புன்னு அவரு மூஞ்சிக்கு நேராச் சொல்ல அந்த மில்லுல ஆளு இல்ல."

"நான் சொல்றேன்."

"நீ சொல்லுவ." அவன் குரல் உயர்ந்தது. "சொல்லிட்டு லேப்டாப்ப மூடி வச்சிட்டு வேற ஊரு வேற கம்பெனின்னு போயிருவ. நான் நாளைக்கும் அவரு மூஞ்சியிலதான் முழிக்கணும். அவரு சொன்னத எழுதிக் குடுத்துட்டுப் போயேன்க்கா. உனக்கு என்ன குறைஞ்சு போகுது?"

"எனக்கு ஒண்ணும் குறையாது. கௌசல்யாவுக்கு வேலை போயிரும்."

"எனக்குப் போனாப் பரவாயில்லையா?"

செபஸ்தியம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏலே, சோத்துல கைய வச்சுக்கிட்டுச் சண்ட போடாதீக. ஜோசு, அவனுக்குப் பிள்ளை பொறக்கப் போகுதுடி. செத்த நேரம் யோசிச்சுப் பேசு. நேர்ந்த கிடா கொல்லையில நிக்கிது. செபஸ்தியாரு என்னயக் கேப்பாரு."

"கேட்டா என்னயக் கை காட்டும்மா. நான் அவருகிட்டப் பேசிக்கிறேன்."

"அடியே, சாமிகிட்டயுமா எதுக்கு எதுக்குன்னு கேப்ப?"

யாரும் சிரிக்கவில்லை. பிராங்கிளின் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். தம்பி கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை என்பது ஜோஸ்பினுக்கும் தெரிந்தது. அதுதான் அவளை அறுத்தது. அவள் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற இடங்களில் பிறகு யார் யார் இருந்து பாடுபடுகிறார்கள் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் திரும்பிப் பார்த்ததில்லை. இந்தத் தடவை ஒருவன் அவளுடைய வீட்டிலேயே சாப்பிடாமல் எழுந்து போகிறான். இருந்தும், மாடிக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தபோது, பார்த்ததற்கு மாறாக ஒரு வார்த்தை எழுத அவள் கை வரவில்லை.

*

இரண்டாவது கூட்டத்தில் மணிமாறன் டீ வரவழைக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஜோஸ்பினின் மேனேஜர் அப்துல் ஹக்கீம் போனில் இருந்தார். நல்ல மனிதர். யாரும் மனம் கோணக் கூடாது என்று நினைப்பவர்.

ஜோஸ்பின் நேராகச் சொன்னாள். வேன்கள் நேரத்துக்கு வருகின்றன. ஜன்னல் ஒன்று, ஆள் ஒன்று, அதனால் பெண்கள் கேட்டில் நிற்கிறார்கள். போனை வாங்குவது அவசியம் என்றால் வேனிலேயே ஒரு பெட்டி வைத்து வழியிலேயே வாங்கிப் பூட்டிவிடலாம். கேட்டை அகலத் திறந்தால் போதும். ஆப்பே தேவையில்லை. வேனை ஊருக்குள் விடாமல் நிறுத்தினால் பெண்கள் சீக்கிரம் வரமாட்டார்கள், வராமலே போவார்கள்.

மணிமாறனின் முகம் இறுகியது. "கேட்டப் பத்தி உங்ககிட்ட நான் கேட்டனா?"

"கேக்கல சார்."

"அப்பறம்?"

"நீங்க கேட்டதுக்குப் பதில் அங்கதான் இருக்கு."

"ஹக்கீம் சார்," என்று அவர் போனைப் பார்த்துக் குனிந்தார். "உங்க கம்பெனியில சாஃப்ட்வேர் விக்கறீங்களா, புத்திமதி விக்கறீங்களா?"

ஹக்கீம் தொண்டையைச் செருமினார். "ஜோஸ்பின், அவங்க கேக்குறத அப்படியே எழுதிருங்க. நம்ம கருத்தக் கீழ ஒரு குறிப்பாப் போட்டுக்கலாம்."

"கீழ போடுறத யாரு சார் படிக்கிறா? மேல எழுதுனதத்தான் செய்வாங்க."

"இருக்கட்டும்மா..."

"சரி சார். எழுதுறேன். எழுதி, பயன்படுத்தப் போறவங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன். அவங்க சரின்னா என் பேரப் போடுறேன். எந்த வேலையிலயும் நாம அப்படித்தான செய்றோம்?"

"பயன்படுத்தப் போறது நான்," என்றார் மணிமாறன்.

"நீங்க இங்க உக்காந்து பாக்கப் போறீங்க சார். இருட்டுக்குள்ள போனக் கையில வச்சுக்கிட்டு நிக்கப் போறது அவங்க."

 மணிமாறன் எழுந்தார். "புதன்கிழமையிலிருந்து வேன் ஊருக்குள்ள போகாது. ஆப் வர்றப்ப வரட்டும், அதுவரைக்கும் பேப்பர்ல ஆப்சென்ட் போட்டுக்கறோம். இனி நீங்க வேன்ல ஏறக் கூடாது, மில்லுக்குள்ளயும் வரக் கூடாது. பிராங்கிளின்கிட்டயும் சொல்லிடறேன். அவனுக்கும் குடும்பம் இருக்குதுல்ல?"

கடைசிச் சொல்லை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

*

வேனில் ஏறக் கூடாது என்றார், மில்லுக்குள் வரக் கூடாது என்றார். கரட்டுப்பட்டிக்குப் போகக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜோஸ்பின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள்.

ஊரில் கோழிக் குழம்பு வாசம் தெருவுக்குத் தெரு நின்றது. துவைத்த யூனிஃபார்ம் சுடிதார்கள் கொடியில் காற்றுக்குப் படபடத்தன. பெண்கள் நாடக மேடையில் கூடினார்கள், எண்ணெய் வைத்த தலையோடும் கையில் பிள்ளையோடும். அவள் தாளை எடுத்தாள்.

"உங்க மில்லுல கேட்டத நான் எழுதியிருக்கேன். இத உங்களுக்குப் படிச்சுக் காட்டணும். பிறகு நீங்க சொல்லுங்க. நான் எதையும் கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல."

படித்தாள். ஒவ்வொரு வரியாக, பேச்சுத் தமிழில் பிரித்துச் சொன்னாள். விலக்கில் வந்து நிற்க வேண்டும். பிந்தினால் ஆப்சென்ட். யாரிடமும் போய்க் காரணம் சொல்ல முடியாது.

மூக்காயி முதலில் பேசினாள். "அப்ப இத முடிவு கட்டுறதுக்கு முன்னாடி எங்கள ஒருத்தரும் கேக்கல?"

"நான் கேக்க வந்திருக்கேன்க்கா."

"நீ கேக்குற. நாங்க வேணாம்னு சொன்னா அந்தாளு கேப்பாரா?"

"எனக்குத் தெரியாது. கேக்க மாட்டாருன்னுதான் நினைக்கிறேன்," என்றாள் ஜோஸ்பின். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரு ஆள் துண்டை உதறித் தோளில் போட்டார். கௌசல்யாவின் அப்பா. "இதுல பேச்சுக்கு என்ன இருக்கு? வண்டி வரலன்னா எம் மக வேலைக்கு வராது. அம்புட்டுத்தான்."

"நான் போவேன்," என்றாள் கௌசல்யா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மேடையிலிருந்து இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் எழுந்து நின்றாள்.

"யப்பா, நான் வேலைக்குப் போவேன். வண்டிதான் வரணும். வண்டி வரலன்னா நான் ஏன் வீட்டுல இருக்கணும்? எப்பவும் போல இங்க வந்து நிப்பேன். வேலைக்கு வந்து நிக்கிறேன்னு அர்த்தம். வராதது நான் இல்ல, வண்டி. ஆப்சென்ட்ட வண்டிக்குப் போடச் சொல்லு."

மூக்காயி தொடையில் தட்டிச் சிரித்தாள். "அப்படிச் சொல்லுடி என் ராசாத்தி! நானும் நிக்கிறேன். என்னய எவன் தூக்கிட்டுப் போகப் போறான்? இவளுகளுக்காக நிக்கிறேன்."

ஜோஸ்பின் யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை. படித்துக் காட்டினாள், அவ்வளவுதான். மற்ற ஊர்களுக்கு அவள் போகவும் இல்லை. வீட்டுக்கு வந்து ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் கௌசல்யாவின் போன் வழியாகச் சேதி எல்லா ஊருக்கும் போய்விட்டிருந்தது. பயன்படுத்தப் போகிறவர்கள் மறுத்துவிட்டார்கள், ஆகையால் இதில் என் பெயரைப் போட முடியாது என்று ஹக்கீமுக்கு எழுதி அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை ஹக்கீம் கூப்பிட்டார். குரலில் வருத்தம் இருந்தது. "இந்த வேலையிலிருந்து உங்கள எடுக்கச் சொல்லிட்டாங்க. நாளைக்கு மில் பக்கம் போயிராதீங்க ஜோஸ்பின்."

"மில்லுக்குப் போகல சார்," என்றாள்.

*

புதன்கிழமை விடிகாலை. காற்று ஓய்ந்து தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கரட்டுப்பட்டி நாடக மேடையின் ஒற்றை விளக்கின் கீழே பெண்கள் தூக்குவாளிகளோடு நின்றார்கள். எப்போதும் வருகிறவர்கள் மட்டுமல்ல. கௌசல்யாவின் அப்பாவும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து ஓரமாக நின்றார். ஜோஸ்பின் அவர்கள் நடுவே நின்றாள். ஊருக்கு வெளியே இருட்டு தார் பூசினாற்போல் இருந்தது.

அவள் போன் அடித்தது. பிராங்கிளின். சண்டைக்குப் பிறகு அவன் அவளிடம் பேசுவது இதுதான் முதல் தடவை.

"அக்கா, விலக்குல நிக்கிறேன். ஒரு ஆளு வரல. மத்த வண்டிக்காரனுகளும் போன் பண்ணிட்டானுக, எங்கயும் ஆள் இல்லையாம். சாருகிட்டக் கேட்டா, எல்லாத்துக்கும் ஆப்சென்ட் போட்டுட்டு வண்டியக் காலியா கொண்டான்னு கத்துறாரு." அவனுக்கு மூச்சு வாங்கியது. "எல்லாரும் எங்கக்கா நிக்கிறாக?"

"எப்பவும் நிக்கிற இடத்துலதான்டா நிக்கிறாங்க."

"நான் என்ன செய்ய?"

ஜோஸ்பினுக்கு ஆயிரம் சொல்லலாம் போல இருந்தது. பிறக்கப் போகிற பிள்ளை ஞாபகம் வந்தது. இந்தக் கேள்விக்குத் தன்னால் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

"அத நான் சொல்ல மாட்டேன். நீ எங்க நிக்கிறன்னு நீயே பாத்துக்க தம்பி."

பிராங்கிளின் போனை வைத்துவிட்டான்.  மூக்காயி ஜோஸ்பின் கையைப் பிடித்துக்கொண்டாள். பஞ்சு கூட்டிக் கூட்டிச் சொரசொரத்துப் போன கை. தூறல் வலுத்தது. ஒருத்தியும் வீட்டுக்குள் போகவில்லை.

பிறகு கரட்டுக்குப் பின்னாலிருந்து கருவேல முள்ளின் மேல் மஞ்சள் வெளிச்சம் ஏறியது. எஞ்சின் சத்தம் மேட்டில் திணறி, இறக்கத்தில் இளகி, ஊருக்குள் வந்தது. வேன் நாடக மேடை முன்னால் வந்து நின்றதும் பிராங்கிளின் கதவைத் தள்ளித் திறந்தான். அக்காவைப் பார்க்கவில்லை.

"ஏறுங்க, ஏறுங்க. நனையாம ஏறுங்க," என்றான். "மத்த வண்டிகளையும் ஊருக்குள்ள போகச் சொல்லிட்டேன்."

ஜோஸ்பின் ஸ்கூட்டரில் வேனுக்குப் பின்னாலேயே போனாள்.

மில் கேட்டுக்கு அவர்கள் போனபோது நன்றாக விடிந்திருந்தது. எல்லா வேன்களும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்ந்தன. ஷிப்ட் மணி எப்போதோ அடித்து முடிந்திருந்தது. இராத்திரி ஷிப்ட் பெண்கள் தங்களை மாற்றிவிட ஆள் வராமல் கேட்டுக்கு உள்ளே வந்து கூடிவிட்டார்கள். மழைச் சத்தம் மாதிரி எப்போதும் கேட்கிற மெஷின் இரைச்சல் பாதிக்கு மேல் நின்று போயிருந்தது. மணிமாறன் குடையில்லாமல் தூறலில் நின்று போனில் யாரிடமோ, "இப்ப ஓட்டிடறோம் சார், இப்ப ஓட்டிடறோம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பெண்கள் இறங்கினார்கள். கௌசல்யா முன்னால் போனாள். ஜன்னலைப் பார்த்தாள், காவலாளியைப் பார்த்தாள், மணிமாறனைப் பார்த்தாள்.

"சார், வரிசையில நிக்கவா, மெஷினுக்குப் போகவா?"

அவர் மெஷின்கள் நின்றுபோன பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு காவலாளியிடம், "பெரிய கேட்டத் தொற," என்றார்.

லாரிகளுக்கு மட்டும் திறக்கிற இரட்டைக் கதவு கிறீச்சிட்டு அகன்றது. பெண்கள் தூக்குவாளியும் போனுமாய் மொத்தமாக உள்ளே போனார்கள். காவலாளி டோக்கன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வழிவிட்டு நின்றாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மெஷின்கள் ஒன்றொன்றாக உயிர் பிடித்தன. இரைச்சல் ஏறி நிறைந்தது.

மணிமாறன் திரும்பினார். கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்ற ஜோஸ்பினைப் பார்த்தார். "உங்கள வரக் கூடாதுன்னு சொன்னனே?"

"உள்ள வரல சார். ரோட்டுலதான் நிக்கிறேன். நான் சொன்னது சரியா, தப்பான்னு பாக்க வந்தேன். பாத்துட்டேன்."

 மணிமாறன் வேன் பக்கமாகப் போனார். பிராங்கிளின் கீழே இறங்கி, நனைந்த தலையோடு நின்றிருந்தான்.

"உனக்கு இனி இங்க வேலை இல்ல. சாவியக் குடு."

பிராங்கிளின் கையில் சாவி இருந்தது.  ஓடிப்போய் அவன் பக்கத்தில் நிற்க வேண்டும் போல ஜோஸ்பினுக்கு இருந்தது. நின்ற இடத்தைவிட்டு அவள் அசையவில்லை.

"தாரேன் சார்," என்றான் பிராங்கிளின்.  "மத்தியானம் ஷிப்ட் விடும்ல? இம்புட்டுப் பேரையும் கொண்டாந்தவன் நான். அவுகவுக ஊருக்குள்ள, அவுகவுக வாசல்ல விட்டுட்டு வந்து தாரேன்."

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேனின் படியில் ஏறி உட்கார்ந்தான்.